வெயிலில் அளந்த சதவீதம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்த மத்தியான வெயில் ஒத்துக்காது. சிரிக்காதீங்க, வெயிலை வச்சே இத்தனை வருஷம் பிழைப்பு நடத்துறவன்தான் நான். அதோ, அந்தக் காத்தாலைக்குக் கீழ வரிசையா சாஞ்சு நிக்குது பாருங்க, நீலமா, சோலார் பலகைங்க. அது சிலிக்கான். நான் செய்யறது அது இல்ல. நான் செய்யறது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். கரைச்சு, மை மாதிரி ஆக்கி, கண்ணாடி மேல மெல்லிசா பூசி, அதுலேருந்து கரண்ட் எடுக்கிறது. மடக்கலாம், சுருட்டலாம், கூடாரத் துணி மேலகூட ஒட்டலாம். ஆர்கானிக் சோலார் செல்னு பேரு. ஆர்கானிக்னு சொன்னதும் எல்லாருக்கும் காய்கறி ஞாபகம் வந்துடுது. மாப்பிள்ளை ஏதோ இயற்கை விவசாயம் பண்றார்னுதான் என் மாமியார் சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருந்தாங்க.

நீங்க என்ன பண்றீங்க? திருப்பூர்ல சாயப்பட்டறையா? கணக்குப் பிரிவா, சரி சரி. எந்தப் பிரிவா இருந்தா என்ன, சாயத்து நடுவுலதானே இருக்கீங்க. அப்ப உங்ககிட்ட சொல்றது சுலபம். ஏன்னா எல்லாம் ஒரு சாயத்தால வந்த வினைதான்.

என் பேரு சிவசைலம். கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பிசிக்ஸ் புரொபசர். இன்னைக்குக் காலையில கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணுக்குப் பி.எச்டி. வாய்மொழித் தேர்வு. அதுக்குத்தான் போயிட்டு வர்றேன். கூப்பிட்டாங்களான்னா, கூப்பிடலை. அது பொதுத் தேர்வு சார், யார் வேணும்னாலும் போய் உக்காரலாம், யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. போனேன்.

அந்தப் பொண்ணு என்கிட்ட படிச்சவ. பேச்சியம்மாள்னு பேரு. பேச்சின்னுதான் கூப்பிடுவோம். அவங்க அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவர். அந்தக் குடும்பத்துலேருந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்ததே பெருசு. நான்தான் பி.எச்டி.க்குச் சேத்துக்கிட்டேன். மத்தவங்க எல்லாம் வேண்டாம்னாங்க, இங்கிலீஷ் பேச வராது, பதிலுக்குப் பதில் பேசுவான்னு. நான் சேத்துக்கிட்டேன். பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன் சார். எங்க வீட்டுல ஒருத்தி மாதிரிதான். சனிக்கிழமையானா என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பா. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப கூட இருந்து பாத்துக்கிட்டது அவதான். அவளுக்கும் லேப்லேயே அடைஞ்சு கிடக்காம ஒரு மாறுதலா இருக்கும்ல? என் மனைவிகூட, "பேச்சி இல்லேன்னா நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது"ன்னு சொல்லுவா. அவ்வளவு உரிமை கொடுத்திருந்தோம்.

சாயத்துக்கு வர்றேன். இந்தப் பூச்சு இருக்கு பாருங்க, தலைமுடியை ஆயிரமாப் பிளந்தா ஒரு கீத்து எவ்வளவோ அவ்வளவுதான் கனம். அது வெயில்ல வர்ற எல்லா நிறத்தையும் பிடிக்காது. சிலதைப் பிடிக்கும், சிலதை அப்படியே விட்டுடும். குறிப்பா சிவப்பைத் தாண்டி, நம்ம கண்ணுக்கே தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு. அது கண்ணாடி வழியா போற மாதிரி போயிடும். அப்ப என்ன பண்ணலாம்? அந்த வெளிச்சத்தை மட்டும் பிடிக்கிற சாயம் ஒண்ணைத் துளியூண்டு கலந்தா? வீணாப் போற வெளிச்சமும் கரண்ட்டாகும். அதுதான் யோசனை. யோசனை என்னுதுதான். அதாவது, எங்கேயோ படிச்சுட்டு அவ வந்து சொன்னா, நான் சரின்னு சொன்னேன். ஒரு லேப்ல சரின்னு சொல்றவன்தானே சார் பொறுப்பு?

சாயம் வந்துச்சு. கலந்தா. ஆரம்பத்துல ஒண்ணும் சரியா வரலை. பூச்சு திட்டுத் திட்டா ஆயிடும், இல்ல கரண்ட் குறைஞ்சுடும். கூடக் கலந்தா கெட்டுப் போகும், குறைச்சா பிரயோஜனம் இல்ல. மாசக்கணக்கா அதேதான். கூட காளிராஜ்னு இன்னொரு ஸ்காலர். அவனும் என்கிட்ட பி.எச்டி. பண்றவன், அவளுக்கு அடுத்த வருஷம் சேந்தவன். கல்யாணமானவன், அமைதியானவன், சொன்னதைச் செய்யறவன். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணினாங்க.

ஒரு நாள் வந்துடுச்சு. அதுவரைக்கும் எங்க செல்லு நூறு பங்கு வெளிச்சத்துல பதினொரு பங்கைக் கரண்ட்டாக்கும். பதினொரு சதவீதம். அன்னைக்கு அந்தச் சாயத்தோட பதினாலு காட்டுச்சு. திரும்ப அளந்தாங்க, பதினாலு. உங்களுக்கு இது சின்ன வித்தியாசமாத் தெரியும். எங்க துறையில அரை சதவீதம் ஏத்துறதுக்கு ஆளுங்க தலைகீழா நிக்கிறாங்க. நான் தாளாளர்கிட்ட ஓடினேன். அவர் மறுநாளே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டார். காலேஜ் வாசல்ல ஃபிளெக்ஸ். தாளாளர் படம் பெருசா, அவருக்குக் கீழ என் படம், நடுவுல மஞ்சள் எழுத்துல பதினாலு சதவீதம். அதுல அந்தப் பசங்க படம் இல்லையான்னா, இடம் பத்தலை சார். அடுத்த ஃபிளெக்ஸ்ல போடலாம்னு தாளாளரே சொன்னார். என்னை ஆராய்ச்சிப் பிரிவுக்கு டீன் ஆக்கினாங்க. தனி அறை, ஏசி, வாசல்ல பேர்ப்பலகை.

அந்தச் சமயத்துலதான் அவ மாடிக்குப் போனா.

எதுக்குப் போனான்னு இன்னை வரைக்கும் எனக்குப் புரியலை. ஒரு மத்தியானம் லேப்ல யாரையும் காணோம். தேடிக்கிட்டு மேல போனா, மொட்டை மாடியில ஒரு அட்டை மேல ரெண்டு செல்லை ஒட்டி வச்சுக்கிட்டு, துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. காளிராஜ் பக்கத்துல மீட்டரோட. கால் வைக்க முடியலை, தரை அப்படிக் கொதிக்குது.

"என்னம்மா, வத்தல் காயப் போட்டிருக்கியா?"ன்னு கேட்டேன். தமாஷாத்தான்.

அவ சிரிக்கலை. "சார், சாயம் கலந்த செல்லையும் கலக்காததையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கேன். ஒரே வெயில்தான் ரெண்டுக்கும். கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் சார் கொடுக்குது. நேத்தும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான்."

இங்கே ஒண்ணு சொல்லணும். நாங்க வெயில்ல அளக்கிறது கிடையாது. லேப்ல ஒரு விளக்கு இருக்கு, சூரியன் மாதிரியே வெளிச்சம் கொடுக்கிற விளக்கு. உலகம் பூரா அதுக்கு அடியிலதான் வச்சு அளப்பாங்க. வெயில் நேரத்துக்கு ஒரு மாதிரி, ஊருக்கு ஒரு மாதிரி இருக்கும்ல? அதனால அந்த விளக்கு. இவ என்ன சொல்றான்னா, "நம்ம விளக்கு சரியில்ல சார். சாயம் எந்த வெளிச்சத்தைப் பிடிக்குதோ அந்த இடத்துல மட்டும் நம்ம விளக்குல வெளிச்சம் எக்கச்சக்கமா இருக்கு. அந்த அதிகப்படியைத் தின்னுட்டுத்தான் பதினாலு காட்டுது. நிஜ சூரியன்ல அவ்வளவு இல்ல. அந்த அதிகப்படியைத் தடுக்கிறதுக்கு விளக்குக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் வீணாப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"மாடியில தூசி, காத்து, சூடு. இதுவா அளக்கிற இடம்? உலகமே விளக்குலதாம்மா அளக்குது"ன்னேன்.

"அப்ப ஊர்ல வைக்கிற பலகையை எல்லாம் விளக்குக்கு அடியிலதான் சார் வைக்கணும்"னா.

பாத்தீங்களா? இந்த வாய்தான். காளிராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் கோபப்படலை. கீழ கூட்டிட்டு வந்து, உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன். "புது ஃபில்டர் வெளிநாட்டுலேருந்து வரணும், எழுதிப் போடுறேன், வந்ததும் திரும்ப அளப்போம். அதுக்குள்ள ஆராய்ச்சிப் பேப்பரை அனுப்பிடுவோம். தாளாளர் ஊருக்கெல்லாம் சொல்லிட்டார். காலேஜுக்கு அங்கீகாரம் கொடுக்கிற கமிட்டி வேற பார்வையிட வருது. இப்பப் போய் இது இல்லைன்னு சொன்னா எல்லாருக்கும் அசிங்கம். உனக்கும்தான்"னேன். நியாயமாத்தானே சொன்னேன்?

அவ டீ டம்ளரை மேசை மேல தள்ளி வச்சா. அப்புறம், "என் பேரைப் போடாதீங்க சார்"னா.

"முதல் பேரே உன் பேருதாம்மா."

"வேண்டாம் சார்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூணு வருஷ உழைப்பு, ஒருத்தி வேண்டாம்னு எழுந்து போறா. டீயைக் குடிக்கவே இல்ல சார் அவ.

என்ன பண்ணச் சொல்றீங்க? காளிராஜைக் கூப்பிட்டேன். அவனுக்கு உதவித்தொகை முடியப் போகுது. அவன் சம்சாரம் அப்ப முழுகாம இருக்கா. பேப்பர் ஒண்ணு வெளியானாத்தான் அவன் தீசிஸ் கொடுக்க முடியும். "நீ திரும்ப ஒரு தடவை எல்லாத்தையும் அளந்துடுப்பா, விளக்குல. உன் பேரை முதல்ல போட்டுடறேன்"னேன். அவன் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பினான்.

"சார், பேச்சி சொன்னது..."

"அதை நான் பாத்துக்கறேன். உன் வேலையைப் பாரு"ன்னேன்.

அளந்தான். பதினாலுதான் வந்துச்சு. வராம? பேப்பர் போச்சு, வெளியாச்சு. காளிராஜ் ஒரு பெட்டி லட்டு வாங்கிட்டு வந்து லேப் பூராக் கொடுத்தான். பேச்சிக்கும் கொடுத்தான். அவ வாங்கி மேசை மேல வச்சா. ரெண்டு பேரும் அதுக்கப்புறம் சரியாப் பேசிக்கலைன்னு கேள்வி. சின்னப் பசங்க சண்டை, நமக்கெதுக்கு.

அப்புறம் அவ வேற கைடுகிட்ட மாறணும்னு வந்தா. கோயம்புத்தூர்ல ஒரு மேடம் சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம். எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் போக முடியும். நான் உடனே போடலை. வேணும்னு இல்ல சார். அவ நல்லதுக்குத்தான். கோபத்துல எடுக்கிற முடிவு, கொஞ்சம் ஆறப் போட்டா மனசு மாறும்னு பாத்தேன். வருவா, நிப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்மான்னு சொல்லுவேன். இப்படியே நாலஞ்சு மாசம் ஓடிடுச்சு. நானும் பிஸி. டீன் வேலைன்னா சும்மா இல்ல.

ஒரு நாள் அவங்க அப்பா வந்திருந்தார். காக்கிச் சட்டை, தோள்ல துண்டு. நான் மீட்டிங்ல இருந்தேன். மீட்டிங் முடிஞ்சு சாப்பாடு, சாப்பாடு முடிஞ்சு தாளாளர் கூப்பிட்டார். சாயங்காலம் அறைக்கு வந்தா அந்த மனுஷர் வாசல்லேயே நிக்கிறார். நாற்காலி இருக்கு சார், ஆனா அவர் உக்காரலை. எனக்கு எப்படித் தெரியும் காலையிலேருந்து நிக்கிறார்னு? உள்ள கூப்பிட்டு மரியாதையாத்தான் பேசினேன். "உங்க பொண்ணு கெட்டிக்காரி. ஆனா உலகம் தெரியலை. நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?"ன்னேன்.

அவர் கையைக் கட்டிக்கிட்டு, "ஐயா, அவ ராத்திரியெல்லாம் உக்காந்து அழுவுதா. எனக்கு இந்தப் படிப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க மனசு வச்சு அனுப்பி விட்டுருங்கய்யா"ன்னார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

அந்த நேரம் பாத்து இவ வந்துட்டா. அப்பா வந்ததே அவளுக்குத் தெரியாது போல. அவர் கைகட்டி நிக்கிறதைப் பாத்தா. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "எங்க அப்பாவை ஏன் சார் நிக்க வச்சீங்க?"

மத்தபடி சாயத்தைப் பத்தியோ, பேப்பரைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் நிக்க வைக்கவே இல்லையே! அவரா நின்னார். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பெருந்தன்மை அது. அவ நன்றின்னுகூடச் சொல்லாம அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா.

இது என்ன ஊரு, தாராபுரமா? இல்ல, இன்னும் வரலை. உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லுங்க. இல்லையா? சரி.

அவ போன ஒரு வருஷத்துல ஆரம்பிச்சது சனி. வெளிநாட்டுல ஒரு குழு எங்க பேப்பரைப் பாத்துட்டு அதே சாயம், அதே அளவு, அப்படியே செஞ்சிருக்காங்க. பதினாலு வரலை. பதினொண்ணுதான் வருதாம். எங்களுக்கு எழுதினாங்க, நான் பதில் போடலை. பேப்பரை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கே எழுதிட்டாங்க. பத்திரிகைக்காரன் விளக்கைக் கடைசியா எப்பச் சரிபாத்தீங்க, சான்றிதழ் அனுப்புங்கன்னு கேட்டான். சான்றிதழ் எங்கே இருக்கு? ஃபில்டருக்கு நான் எழுதிப் போட்டதாத்தான் ஞாபகம். ஆனா எழுதலைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க.

காலேஜ்ல விசாரணைக் கமிட்டி போட்டாங்க. என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. அளந்தது யாருன்னு கேட்டாங்க. காளிராஜ்னு சொன்னேன். அளந்தது அவன்தானே? கம்ப்யூட்டர்ல இருக்கிற அத்தனை பதிவும் அவன் பேர்லதான் இருக்கு. நான் பொய் சொல்லலை சார், ஒரு வார்த்தை பொய் இல்ல. விளக்கு கெட்டிருக்குன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களான்னும் கேட்டாங்க. முறைப்படி எழுத்து மூலமா யாரும் சொல்லலைன்னேன். அதுவும் நிஜம்தானே? மாடியில வாய் வார்த்தையா ஏதோ சொன்னதை எல்லாம் கமிட்டி முன்னாடி வைக்க முடியுமா?

பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கிட்டாங்க. அதுல மேல 'திரும்பப் பெறப்பட்டது'ன்னு சிவப்பு எழுத்துல குறுக்கே போட்டுடுவாங்க சார், உலகம் பூராப் பாக்கிற மாதிரி. என் டீன் பதவி போச்சு. ஏசி அறை போச்சு. பழையபடி ஸ்டாஃப் ரூம்ல, ஃபேனுக்கு அடியில, மத்தவங்களோட ஒரு மேசை. அந்த அவமானத்தை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? பியூன்கூட முன்னாடி மாதிரி எழுந்து நிக்கிறது இல்ல. காளிராஜுக்கா? அவன் பதிவை ரத்து பண்ணிட்டாங்க. பி.எச்டி. கிடையாது. சின்ன வயசு, அவனுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு இந்த வயசுல என்ன கிடைக்கும், சொல்லுங்க?

அவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். சம்சாரமும் வந்திருந்துச்சு, இடுப்புல குழந்தையோட. என் மனைவி காபி போட்டா. அவன் சத்தம் போட வந்திருக்கானோன்னு எனக்குள்ள ஒரு பயம். அப்படியெல்லாம் இல்ல. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, "நீங்க சொன்னதைத்தானே சார் செஞ்சேன்"னான். அவ்வளவுதான். அந்தப் பொண்ணு, அவன் சம்சாரம், என்னை ஏறெடுத்துப் பாக்கவே இல்ல. குழந்தை அழுதுக்கிட்டே இருந்துச்சு.

"தம்பி, உன்னை மாதிரியே நானும்தான் பாதிக்கப்பட்டிருக்கேன். யார்கிட்ட போய்ச் சொல்றது? ரெண்டு பேரும் பொறுத்துக்குவோம்"னேன். எழுந்து போயிட்டாங்க. அன்னைக்கு என் மனைவி என்கிட்ட பேசவே இல்ல. ஏன்னு கேட்டா, தலைவலின்னா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் எங்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் வந்துச்சு. பேச்சியோட வாய்மொழித் தேர்வு. தலைப்பைப் பாத்தேன். ஒளியை ஈர்க்கும் சாயங்கள், ஆர்கானிக் சோலார் செல், வெளி வெயில்ல அதோட திறன். இப்படிப் போகுது. திரும்பவும் படிச்சேன். என் லேப்ல தொடங்கின வேலை சார் அது! என் மாடியில! ஒரு கேள்வி கேக்கணும்னு முடிவு பண்ணினேன். எல்லார் முன்னாடியும் எழுந்து, "அம்மா, இந்த ஆராய்ச்சியை முதல்ல எங்கே ஆரம்பிச்சீங்க?"ன்னு கேக்கணும். அவ்வளவுதான். அவ வாயாலேயே சொல்லணும். சொல்லித்தானே ஆகணும்?

ராத்திரியே கிளம்பிப் போனேன். ஹால் நிறைஞ்சிருக்கு. எல்லாம் படிக்கிற பிள்ளைங்க. உக்கார இடம் இல்ல. பின்வரிசையில ஒருத்தன் என்னைப் பாத்ததும் எழுந்து, "உக்காருங்க சார்"னான். பாத்தா, காளிராஜ். கொஞ்சம் கறுத்திருந்தான். கோயம்புத்தூர்லதான் இருக்கானாம், வீட்டு மாடிகள்ல பலகை பொருத்துற கம்பெனியில. உக்காந்தேன். அவன் எனக்குப் பின்னாடி சுவரோரமா நின்னுக்கிட்டான். மரியாதை தெரிஞ்ச பையன்.

பேச்சி பேசினா. நல்லாப் பேசினா, இல்லேன்னு சொல்ல முடியாது. அப்பல்லாம் நாலு பேரு முன்னாடி நின்னா குரலே வராது. இப்பத் திணறாமப் பேசறா. அந்தப் பழைய சாயம் ஏன் ஏமாத்துச்சுன்னு முதல்ல சொன்னா. எங்க காலேஜ் பேரைச் சொல்லலை. என் பேரையும் சொல்லலை. அப்புறம் வேற ஒரு சாயம். நிஜ வெயில்ல எந்த இடத்துல வெளிச்சம் தாராளமா இருக்கோ, அந்த இடத்தைப் பிடிக்கிற சாயம். சாயம் போட்டதையும் போடாததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கோடை பூரா, மழைக்காலம் பூரா வெளியில அளந்திருக்கா. எவ்வளவு கூடியிருக்கு தெரியுமா? அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான் சார்! எங்களோடது மூணு சதவீதம். இதுக்குப் போய் எக்ஸாமினர், "மிக நேர்மையான எண்"ன்னு சொல்றார். எண்ல என்ன சார் நேர்மை?

கேள்வி நேரம் வந்துச்சு. எழுந்தேன். என்னைப் பாத்ததும் அவ முகம் ஒரு நொடி மாறிச்சு. அப்புறம், "வணக்கம் சார்"னா. நான் கேட்டேன். "இந்த ஆராய்ச்சியை முதல்ல எங்கே ஆரம்பிச்சீங்க?"

அவ தண்ணி குடிச்சா. "கோவில்பட்டி பக்கத்துல, ஒரு காலேஜ் மொட்டை மாடியில சார்"னா. "நான் மட்டும் இல்ல. கூட ஒருத்தர் இருந்தார். தரை சுடும்னு தன்னோட செருப்பைக் கழட்டி எனக்குக் கொடுத்துட்டு, மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு வெறுங்கால்ல நின்னார். முதல் வெயில் அளவுகள் எல்லாம் அவர் எடுத்தது. அவருக்குக் கிடைக்க வேண்டிய பட்டம் கிடைக்கலை. இன்னைக்கு இங்கே வந்திருக்கார்"னு சொல்லி, நேரா நான் நிக்கிற பக்கம் கையைக் காட்டினா.

எல்லாரும் திரும்பினாங்க. கை தட்டினாங்க. நான் கைகூப்பினேன் சார். என்னன்னே தெரியாம கைகூப்பினேன். தட்டல் நிக்கலை. முன்வரிசையில ஒரு அம்மா எழுந்து நின்னு தட்டறாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒருத்தர் கண்ணுகூட என் மேல இல்ல. எல்லாம் என் தோளுக்குப் பின்னாடி. திரும்பிப் பாத்தேன். காளிராஜ் சுவரோட ஒட்டிக்கிட்டு, கர்சீப்பால முகத்தை மூடிக்கிட்டு நிக்கிறான்.

நான் எப்ப உக்காந்தேன்னு தெரியாது.

சாப்பாடு போட்டிருந்தாங்க. பேச்சியே வந்து, "சாப்பிட்டுப் போங்க சார்"னா. அவங்க அப்பா பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தார், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, அத்தனை பேரைச் சொன்னா, அந்த மேடத்தைச் சொன்னா, காளிராஜைச் சொன்னா. என் பேரை ஒரு தடவை சொன்னா என்ன குறைஞ்சுடும்? அவளை யாரும் சேத்துக்காதப்ப சேத்துக்கிட்டவன் நான்.

ஆட்டோவுக்கு நின்னேன். காளிராஜ் வண்டியை எடுத்துட்டு வந்து நிறுத்தினான். "ஏறுங்க சார், சிங்காநல்லூர்ல விட்டுடறேன்"னான். அவ சொல்லி அனுப்பினாளோ, இவனா வந்தானோ, கேக்கலை. ஏறினேன். வழி பூரா நல்ல டிராஃபிக். அவன் முதுகு என் முகத்துக்கு நேரா இருக்கு. சட்டை வேர்த்து ஒட்டியிருக்கு. வாயைத் திறக்கிறதும் மூடுறதுமா வந்தேன். ஏதாவது சொல்லணும் போல இருந்துச்சு, என்னன்னு தெரியலை.

பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும், எதாவது கேக்கணுமேன்னு, "பையன் எப்படி இருக்கான்பா? ஸ்கூல் போறானா?"ன்னு கேட்டேன்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே, "பொண்ணு சார்"னான்.